நல்லவேளைக்காரர்

மனிதர்களில் நல்லவேளைக்காரர் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்று சொன்னால், உங்களுக்கு இதுவரை கஷ்டமே வந்ததில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் இவர்கள் கஷ்டம் வந்த வீட்டுக்கு மட்டுமே வருகிறவர்கள். நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, அதை ஒரு முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் சோப்பை எங்கே வைப்பது என்று ஒருவருக்குமே தெரியாதா என்று சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் உள்ளே வருவார். முகம் பளிச்சென்று இருக்கும். உங்கள் கணுக்காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு நிமிர்ந்து சொல்வார்:

“நல்லவேளை!”

எது நல்லவேளை? உங்களுக்குப் புரியாது.

“தலையில அடிபடலையே!”

அடிபடவில்லைதான். கூரையும் இடிந்து விழவில்லை, குளியலறைக்குள் யானையும் புகவில்லை. நடக்காமல் போன கெடுதல்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், நடந்த ஒரு கெடுதல் வெட்கப்பட்டு ஓடிவிடும் என்பது இவர்களுடைய நம்பிக்கை. கணுக்கால் எங்கே ஓடும்? அது அங்கேயே வீங்கிக்கொண்டு இருக்கும்.

பேருந்தைத் தவறவிட்டீர்களா? நல்லவேளை, அதில் கூட்டம். வெளியே போகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதா? நல்லவேளை, வெயில் இல்லை. வெயில் கொளுத்துகிறதா? நல்லவேளை, துணி காயும். பல் மருத்துவர் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுங்கள், “நல்லவேளை, அதுவும் ஒருநாள் சொத்தை ஆகியிருக்கும்ல?” என்று உங்கள் முதுகில் தட்டிக்கொடுப்பார். தட்டுகிற தட்டில் கன்னம் இன்னும் கொஞ்சம் வலிக்கும். அதற்கும் அவரிடம் ஒரு நல்லவேளை இருக்கும், கேட்காதீர்கள்.

ஆறுதல் சொல்கிறவர் வேறு, நல்லவேளைக்காரர் வேறு. இரண்டு பேரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆறுதல் சொல்கிறவர் முதலில் ‘ஐயோ’ என்பார். பக்கத்தில் உட்காருவார். எப்படி ஆச்சு என்று கேட்பார். நீங்கள் நான்கு பேரிடம் ஏற்கெனவே சொன்னதை ஐந்தாவதாக அவரிடம் சொல்வீர்கள், சொல்லும்போதே வலி பாதி குறைந்துவிடும். நல்லவேளைக்காரர் இந்த ‘ஐயோ’வை அறவே ஒழித்துவிட்டவர். உங்கள் துக்கத்தை நீங்கள் சொல்லி முடிக்கும் வரைகூட அவருக்குப் பொறுமை இருக்காது. நீங்கள் அழ ஆரம்பிக்கும்போதே அவர் உங்கள் கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்துவிடுவார். பிறகு நீங்கள் எப்படி அழுவது?

காலையில் உங்கள் கைப்பேசியில் முதலில் சூரியனை உதிக்க வைப்பவர் இவர்தான். மலைகளுக்கு நடுவில் ஒரு சூரியன், கீழே ஒரு ரோஜா, ரோஜாவின் மேல் பனித்துளி, அதன்மேல் ‘இன்று உன் நாள்’ என்று ஒரு வாசகம். நீங்கள் பாதிக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு, இன்று என் நாளாக இருந்தால் என்னை ஏன் இப்போது எழுப்பினாய் என்று போர்வையை இழுத்துக்கொள்வீர்கள்.

இப்படிப்பட்டவர்கள் பிறவியிலேயே இப்படி என்று நான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பயிற்சி கொடுத்தும் உண்டாக்கலாம் என்பதை எங்கள் கட்டிடத்தில் நேரிலேயே பார்த்தேன்.

நான் இருப்பது மூன்றாவது மாடி. என் தலைக்கு நேர் மேலே, நான்காவது மாடியில், நான் சொல்லப்போகிற மனிதர் இருக்கிறார். இன்று அவர் நல்லவேளைக்காரர் என்றால், அதற்கு முன்னால் அவருக்கு எங்கள் கட்டிடத்தில் இருந்த பெயர் ‘புகார்ப் பெட்டி’. ஒரு குடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் உத்தியோகம். தைத்து வந்த குடைகளை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, கம்பி கோணலா, பிடி ஆடுகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் ஒதுக்கித் தள்ளுவது. காலை முதல் மாலை வரை குறை தேடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாரா? மாட்டார். படிக்கட்டில் விளக்கு எரியவில்லை என்றால் சங்கத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். தண்ணீர் மோட்டார் கொஞ்சம் இருமினாலும் மெக்கானிக்குக்குப் போன் பறக்கும். குப்பை வண்டி வராவிட்டால், வரும்வரை வாசலில் நின்று, வந்தபின் ஓட்டுநருக்கு நேரத்தின் அருமையை விளக்குவார். குரலும் சாதாரணக் குரலா? நான்காவது மாடியில் அவர் பேசினால் தரைத்தளத்தில் யாராவது “சரிங்க” என்பார்கள்.

நாங்கள் முணுமுணுத்தோம். மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா என்றோம். என்ன சொன்னாலும் ஒன்று உண்மை, எங்கள் கட்டிடத்தில் எல்லா விளக்கும் எரிந்தது.

பிறகு அவருக்கு வந்தது ரத்தக் கொதிப்பு. கோபத்தைக் குறைக்காவிட்டால் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இது எப்படியோ தொழிற்சாலை மேலாளர் காதுக்கும் போயிற்று. அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு மனக்குறை, ஒதுக்கித் தள்ளப்படும் குடைகள் அதிகமாகிக்கொண்டே போகின்றன என்று. “உங்க உடம்புதான் சார் முக்கியம்” என்று கண் கலங்கச் சொல்லி, ‘மலரும் மனம்’ என்ற பயிற்சி வகுப்புக்குக் கம்பெனிச் செலவிலேயே அனுப்பி வைத்தார். எவ்வளவு அக்கறை பாருங்கள்.

அந்த வகுப்பில் கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் குதித்துக் குதித்துப் பேசினாராம். கஷ்டம் என்று ஒன்று கிடையாது, அதை நாம் பார்க்கும் பார்வைதான் கஷ்டம் என்றாராம். எந்த எரிச்சல் வந்தாலும் உடனே நெஞ்சில் கை வைத்து, மூச்சை இழுத்து விட்டு, ‘நல்லவேளை’ என்று ஆரம்பித்து, அதில் உள்ள மூன்று நன்மைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பலன் இல்லை, வாய்விட்டு. ஒன்றிரண்டோடு நிறுத்திவிடக் கூடாது, மூன்று.

இந்த மூன்றில்தான் சிக்கலே. முதல் நன்மை எதிலும் கிடைத்துவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் முக்க வேண்டும். மூன்றாவது எப்போதும் விபரீதமாகத்தான் முடியும். வகுப்பு முடிந்து வந்த மறுநாளே எங்கள் படிக்கட்டு விளக்கு போயிற்று. நான் கைப்பேசி வெளிச்சத்தில் தடவித் தடவி ஏறிக்கொண்டிருக்கிறேன், எதிரே அவர் இறங்கி வருகிறார். இன்று சங்கத் தலைவர் தொலைந்தார் என்று நினைத்தேன். மனிதர் நெஞ்சில் கை வைத்தார்.

“நல்லவேளை சார்! கரண்ட் மிச்சம். கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்புறம்...” என்று இருட்டில் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒட்டடை தெரியலை பாருங்க!”

வீட்டுக்குள் போய், மேல் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

அதன்பிறகு கட்டிடத்தில் அமைதி. முதலில் எங்களுக்கெல்லாம் அது ரொம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் தூங்க முடிந்தது. சங்கத் தலைவர் மாடிப்படியில் ஒளியாமல் நடமாடினார். மேல் வீட்டுக்காரருடைய ரத்தக் கொதிப்பும் இறங்கிவிட்டதாக மருத்துவர் சொன்னாராம். தொழிற்சாலையில் ஓட்டைக் குடைகள் எல்லாம் தேர்ச்சி பெற்று வெளியே போயின. “ஒரு ஓட்டைதானே, மிச்ச இடம் பூரா நனையாதே!” என்று அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். படிக்கட்டு விளக்கு எரியவில்லை. வாசல் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது, யாரோ ஒரு கயிற்றைக் கட்டினார்கள். மோட்டார் இருமியது, பிறகு முனகியது. யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. அதெல்லாம் நான்காவது மாடியின் வேலை என்று இருபது வருஷப் பழக்கம் எங்கள் எல்லோருக்கும்.

பிறகு லிஃப்ட் நின்றது.

இங்கே அவருடைய மனைவியைச் சொல்ல வேண்டும். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. எங்கள் வாசலிலிருந்து நான்கு கடை தள்ளி இருக்கிற மருந்துக்கடையின் பின்னறையில் தையல் வகுப்பு நடத்துகிறார். ஐந்தாறு மிஷின், ஒரு நீள மேசை, சுவர் முழுக்கக் காகிதத்தில் வெட்டிய கைகளும் கழுத்துகளும். அவரிடம் கற்றுக்கொண்டு கடை வைத்தவர்கள் உண்டு, கல்யாணத்துக்குத் தானே ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. டீச்சருக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. சமதரையில் நடப்பார், படி இறங்க முடியாது. லிஃப்ட் இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. லிஃப்ட் நின்ற அன்று டீச்சரும் நான்காவது மாடியில் நின்றுவிட்டார்.

ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரம் போயிற்று. வகுப்பு பூட்டிக் கிடந்தது. நான் ஒரு மாலை விசாரிக்கப் போனேன். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அளக்க ஆளில்லாவிட்டாலும் காலையில் அதை எடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை என்றார்.

“எப்படி இருக்கீங்க டீச்சர்?” என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கணவர் சமையலறையிலிருந்து டீயோடு வந்துவிட்டார்.

“நல்லா இருக்கா சார்! நல்லவேளை, லிஃப்ட் நின்னுச்சு. முட்டிக்கு ஓய்வு, ஒண்ணு. நான் தினம் ஏறி இறங்குறேனே, எனக்கு உடற்பயிற்சி, ரெண்டு. அப்புறம் மேலேர்ந்து பார்த்தா தெரு எவ்வளவு அழகா இருக்கு! இத்தனை வருஷம் பார்த்திருக்காளா?”

“இத்தனை வருஷம் நான் தெருவுல இருந்தேங்க” என்றார் டீச்சர்.

அவர் அதைக் கேட்கவில்லை. இந்த இனத்துக்கே காதில் ஒரு வடிகட்டி உண்டு. உங்கள் வார்த்தையில் இருக்கிற சர்க்கரை மட்டும் உள்ளே போகும். “பாத்தீங்களா சார், எப்படிப் பழகிட்டா!” என்று டீயை நீட்டினார். டீயில் சர்க்கரை இல்லை. அதற்கும் மூன்று நன்மைகள் கேட்டுக்கொண்டு நான் இறங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மருந்துக்கடைக்காரர் நான்கு மாடி ஏறி வந்து என் வீட்டுக்கு மேலே மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நல்ல மனிதர். அதனால்தான் போனில் சொல்லாமல் நேரில் வந்திருக்கிறார். சற்று நேரத்தில் டீச்சர் மாடியிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, கொஞ்சம் மேல வாங்களேன்.”

போனேன். மருந்துக்கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சரக்குப் பெட்டிகள் வைக்க அவருக்கு இடம் இல்லையாம். பின்னறை சும்மாவே பூட்டிக் கிடக்கிறதாம். வகுப்பு உண்டு என்றால் அவருக்கும் சந்தோஷம்தான், ஆனால் பெண்களெல்லாம் வேறு இடம் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

“நாளைக்குச் சாயங்காலம் நீங்க வந்து வகுப்பெடுத்தா ரூம் உங்களுதுதான் டீச்சர். இல்லைன்னா மிஷினை எல்லாம் எங்க வைக்கிறதுன்னு சொல்லுங்க, நானே ஆள் விட்டு எடுத்து வைக்கிறேன்” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கணவர் நெஞ்சில் கை வைத்தார். நான் அவசரமாகக் குறுக்கே புகுந்து, லிஃப்ட் கம்பெனிக்குப் பேசியாச்சா என்று கேட்டேன்.

“அவங்களே பேசினாங்க சார், போன வாரம்” என்றார் அவர், புன்னகையோடு.

“என்ன சொன்னாங்க?”

“ரொம்ப நல்லாப் பேசினாங்க.”

“தம்பி, நீங்க ஒரு தடவை கேளுங்க. சத்தமா வைங்க, நானும் கேக்கறேன்” என்றார் டீச்சர்.

கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். கட்டிடத்தின் பெயரைச் சொன்னதும் அவர் குரலே மலர்ந்துவிட்டது.

“ஓ, அந்த சார் இருக்கிற கட்டிடமா! அவரை எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் சார். முன்னாடி அவர் போன்னா நாங்க யார் எடுக்கறதுன்னு சண்டை போடுவோம். இப்ப எவ்வளவு மாறிட்டாரு! நாங்களே பயந்து பயந்துதான் கூப்பிட்டோம். உங்க லிஃப்டுக்கு வேண்டிய பொருள் ஒண்ணுதான் வந்திருந்துச்சு, ரெண்டு கட்டிடத்துல கேட்டிருந்தாங்க. உங்களுக்கு அவசரமான்னு கேட்டா, ‘அவசரமே இல்லம்மா, அவங்களுக்கே குடுத்துடுங்க, லிஃப்ட் நின்னதுல எங்களுக்கு எத்தனை நன்மை தெரியுமா’ன்னு மூணு நன்மை சொன்னாரு சார். நான் இத்தனை வருஷ வேலையில அப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை. ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கேட்டோம்.”

மருந்துக்கடைக்காரர் இன்னும் கொஞ்சம் நுனிக்கு நகர்ந்தார். போனில் அந்தப் பெண் மட்டும் “ஹலோ, ஹலோ” என்றுகொண்டிருந்தார்.

நீங்கள் கவனிக்க வேண்டும். வேறு எந்த மனிதனும் இந்தத் தவற்றைச் செய்ய முடியாது. முன்கோபிக்கு வராது, சோம்பேறிக்கு வராது, கெட்டவனுக்குக்கூட வராது. சொந்த மனைவி மாடியில் சிறைப்பட்டிருக்க, திறக்கிற சாவியை மலர்ந்த முகத்தோடு வேறொரு கட்டிடத்துக்குத் தானம் செய்கிற காரியம் மூன்று நன்மை படித்தவரால் மட்டுமே ஆகும்.

டீச்சர் கத்தவில்லை. கத்துவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம், கணவரும் அதற்குத் தயாராகத்தான் நின்றார். டீச்சர் எழுந்து, அலமாரியிலிருந்து தன் பையை எடுத்து, கத்தரிக்கோலும் சாக்கட்டியும் இருக்கிறதா என்று பார்த்து, தோளில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். படிக்கட்டின் தலைப்பில் நின்றார். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகக் குனிந்து, மேல் படியில் உட்கார்ந்தார். வலது காலை நீட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு இறங்கினார்.

“என்ன பண்றே நீ?” என்றார் கணவர்.

“நாளைக்கு வகுப்பு. இன்னைக்கே இறங்க ஆரம்பிச்சாத்தானே போய்ச் சேர முடியும்?”

இன்னொரு படி. புடவை கல்லில் உரசுகிற சத்தம். வலித்தது, முகத்தில் தெரிந்தது. நானும் மருந்துக்கடைக்காரரும் கை கொடுக்கப் போனோம், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. எங்கள் கட்டிடத்தில் கதவைத் திறந்து வேடிக்கை பார்ப்பதில் யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இருட்டான படிக்கட்டில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் ஒரு பட்டை வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் டீச்சர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலப் படிப்படியாக உட்கார்ந்து இறங்குவதை நாங்கள் பார்த்தோம். என் மனைவி என் பக்கத்தில் வந்து நின்று, “பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே எல்லாரும்” என்றாள். எனக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் டீச்சர் நின்றார். மூச்சு வாங்கியது. கணவர் இரண்டு படி மேலே நின்றுகொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க” என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

“என்ன சொல்ல?”

“உங்க மூணு நன்மைதான். சொல்லிக்கிட்டே வாங்க, வழிக்குத் துணையா இருக்கும். நல்லவேளைன்னு ஆரம்பிங்க.”

“நல்லவேளை...” என்றார்.

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, மனிதர் எதையாவது கண்டுபிடித்துவிடுவாரோ என்று. புடவையால் படி துடைத்த மாதிரி ஆயிற்று என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடியவர்தான். உதடு அசைந்தது. மனைவியின் உள்ளங்கைகளைப் பார்த்தார். இரண்டும் கருப்பாகி, ஒன்றில் தோல் உரிந்திருந்தது.

“ஐயோ” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு படி இறங்கி வந்து டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதிலிருந்து இப்படி வலிக்கிறது என்று கேட்டார். டீச்சர் சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாட்களை எல்லாம் சொன்னார், ஒரு பெண் தெருவிலிருந்து மேலே பார்த்துக் கையசைத்துவிட்டு வேறு பக்கம் நடந்ததைச் சொன்னார், சொல்லும்போது அழுதார். அவர் துண்டை எடுக்கவில்லை. முழுக்கக் கேட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

“யாரும்மா பேசறது? ஆமா, நானேதான். சந்தோஷமாப் பேசினேன், அதுக்கென்ன? ஒருத்தன் சந்தோஷமாப் பேசினா அதை அப்படியே நம்பிடுவீங்களா? லிஃப்ட் ஓடலைன்னா எவனாவது சந்தோஷமா இருப்பானா? பைத்தியமான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?... நான்தான் சொன்னேன், தப்பு என்னுதுதான், இல்லைங்கல. ஆனா நன்மையெல்லாம் எனக்கும்மா, முட்டி அவளுது! அது அப்ப எனக்குத் தெரியலை. இப்பத் தெரியுது. பொருள் எங்கேர்ந்து வருமோ எனக்குத் தெரியாது. நாளைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரி வகுப்பு முடிஞ்சு வரும்போது லிஃப்ட் கீழ வந்து நிக்கணும்!”

அந்தக் குரல்! தரைத்தளத்தில் யாரோ “சரிங்க” என்றார்கள். இரண்டாவது மாடியில் கைதட்டினார்கள். சங்கத் தலைவர் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டார், ஆனால் அவர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. அன்று இரவுக்குள் படிக்கட்டு விளக்கை அவரே வாங்கி வந்து மாட்டிவிட்டார்.

அந்த இரவை எங்கள் வீட்டிலேயே கழித்துவிட்டு, மறுநாள் டீச்சர் மிச்சப் படிகளையும் இறங்கினார். இந்த முறை இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. வகுப்புப் பெண்கள் எப்படியோ கேள்விப்பட்டு வந்து கீழே காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் பின்னறையில் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த ஒரு சரக்குப் பெட்டியை யாரும் பார்ப்பதற்குள் வெளியே எடுத்துவிட்டார். கணவர் வகுப்பு முடியும் வரை அந்த நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, சொன்னபோது துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் சாயங்காலம் வரவில்லை. அதற்கும் மறுநாள் மதியம்தான் வந்தது. அதனால் வகுப்பு முடிந்த அன்று இரவு அவரும் வகுப்புப் பெண்களும் டீச்சரை நாற்காலியில் உட்கார வைத்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். வழி நெடுக அவர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே போனார், டீச்சர் சிரித்துக்கொண்டே போனார். நல்லதைப் பார்க்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் யார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

மனிதர் இப்போதும் ‘நல்லவேளை’ சொல்கிறார். தன் குடை தொலைந்தால் சொல்கிறார், தன் பேருந்து போய்விட்டால் சொல்கிறார். அடுத்தவர் கணுக்கால் என்றால் முதலில் உட்கார்ந்துகொள்கிறார். தொழிற்சாலையில் ஓட்டைக் குடைகள் மறுபடியும் ஒதுக்கப்படுகின்றன. மேலாளருக்கு அதனால் ரத்தக் கொதிப்பு வந்து, இப்போது அவரே ‘மலரும் மனம்’ வகுப்புக்குப் போயிருக்கிறார் என்று கேள்வி.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர், உங்கள் மைத்துனர் இப்படி ஒருவர் என்று ஆள் பொருத்திப் பார்த்திருப்பீர்கள். நன்றாகப் பொருந்தியிருக்கும். உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் சூரியன் படம் அனுப்புகிறவர் இல்லை, நெஞ்சில் கை வைக்கிறவர் இல்லை, யார் முதுகிலும் தட்டிக்கொடுக்காதவர். சந்தேகமே இல்லை.

ஆனாலும் படிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறதா? அதைப் பற்றி வீட்டில் யாரோ சொன்னபோது, “சொட்டத்தானே செய்யுது, ஊத்தலையே” என்று செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல் சமாதானம் சொன்னது யார்? போகட்டும், சொன்னவரைத் தேட வேண்டாம். அந்தக் குழாய்க்குக் கீழே தினமும் வாளி வைப்பது யார், அது நிறைந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் போய்க் கொட்டுவது யார் என்று மட்டும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.